கப்பித்தானின் பட்டு அங்கி



கோலாலம்பூர் துன் எச். எஸ். லீ சாலையில் இருக்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை நம்மில் அறியாதவர் இலர். தைப்பூசத்தின் போது பத்துமலைக்கு வெள்ளி இரதம் புறப்படும் இடம் அது. 1873இல் தோன்றிய அவ்வாலயத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே, கடைகளுக்கு நடுவில் ஒடுங்கினாற்போல், சீனர் கோயில் ஒன்று உண்டு. சின் சே சி யா என்பது அதன் பெயர். 1864இல் எழுந்தது. நம் அம்மன் கோயிலைவிட ஒன்பது ஆண்டு மூத்தது.

புக்கிட் செந்தோசாவிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாம் ஒரு முறை அம்மனைத் தரிசித்துவிட்டு அந்தச் சீனக் கோயிலுக்குள்ளும் சென்றோம். உள்ளே ஒருவருடைய உருவப்படம் இருந்தது. சீன அரசாங்க அதிகாரியின் உடை, தலையில் கூம்பிய தொப்பி, சிரிப்பில்லாத முகம். நான்காம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி நம்மைப் பார்த்து, “சார், இவர் எந்த ஊர் ராஜா?” என்று கேட்டாள்.

அவர் ராஜா அல்லர். கோலாலம்பூரின் கப்பித்தான் யாப் ஆ லோய். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டதிலும் தவறில்லை. பார்ப்பவர் அப்படி எண்ண வேண்டும் என்பதற்காகவே அமைந்த உடை அது. அந்த உடையின் வரலாற்றைத்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

முதலில் அங்கியைப் பார்ப்போம். சீனாவை 1644 முதல் 1912 வரை ஆண்டவர்கள் சிங் மரபு அரசர்கள். இவர்கள் வடக்கேயிருந்து குதிரையேறி வந்த மஞ்சு இனத்தார். குதிரையில் ஏறி உட்கார வசதியாக அவர்கள் அங்கியின் கீழ்ப்பகுதி முன்னும் பின்னும் பிளவுபட்டிருக்கும். கை முனை குதிரைக் குளம்பு போல் வளைந்து புறங்கையை மூடும். குதிரையை மறந்து அரண்மனையில் அமர்ந்த பிறகும் அந்த வெட்டு மாறவில்லை.

அங்கி முழுவதும் பட்டு. அதன் மேல் நிறம் பிடித்த பட்டு நூலாலும் பொன் நூலாலும் பூவேலை. கீழ் ஓரத்தில் சாய்ந்த கோடுகளாகக் கடல் நீர்; அதற்கு மேல் அலைகள்; அலைகளிலிருந்து எழும் மலைகள்; அதற்கும் மேல் மேகங்கள்; மேகங்களிடையே நெளியும் கடல்நாகங்கள். நம் கோயில் தூண்களில் யாளி இருக்கிறதே, அதைப் போல எந்தக் காட்டிலும் காண முடியாத விலங்கு அது. பெரிய அங்கி ஒன்றில் இப்படி ஒன்பது இருக்கும். எண்ணிப் பார்த்தால் எட்டுதான் கிடைக்கும். ஒன்பதாவது, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து வரும் துணிக்கு உள்ளே மறைந்திருக்கும். அணிந்தவருக்குத் தெரியும், எதிரே நிற்பவருக்குத் தெரியாது.

இதில் நகங்களுக்கும் கணக்கு உண்டு. ஐந்து நகம் உடையது பேரரசருக்கும் அவருக்கு நெருங்கிய இளவரசர்களுக்கும் உரியது. மற்றப் பிரபுக்களுக்கும் அதிகாரிகளுக்கும் நான்கு நகம். ஒளிரும் மஞ்சள் நிறம் பேரரசருக்கே. அதிகாரிகளுக்குப் பெரும்பாலும் நீலம். சியன்லோங் என்ற பேரரசர் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், யார் எதை உடுத்தலாம் என்பதைப் படங்களோடு சட்டமாகவே எழுதி வைத்தார்கள்.

பொது நாளில் இந்த அங்கியின் மேல் கருநீலத்தில் வேறொரு சட்டையும் போடுவார்கள். அதன் மார்பிலும் முதுகிலும் சதுரமான பூவேலைத் துண்டு தைத்திருக்கும். அதுதான் பதவிச் சின்னம். எழுத்துப் பணி அதிகாரியானால் அதில் பறவை. படை அதிகாரியானால் விலங்கு. பதவிகள் ஒன்பது படி. முதற் படிக்கு நாரை, இரண்டாம் படிக்குப் பொன்னிறக் காட்டுக்கோழி, மூன்றாம் படிக்கு மயில் என்று இறங்கிக்கொண்டே போகும். எட்டாம் படிக்காரருக்குக் காடை. பறவை சூரியனைப் பார்த்தபடி நிற்கும். சூரியன் என்றால் பேரரசர். தொப்பியின் உச்சியில் இருக்கும் குமிழின் நிறத்தைப் பார்த்தாலும் படியைச் சொல்லிவிடலாம். உயர்ந்த அதிகாரிகள் கழுத்தில் 108 மணி கோத்த மாலை. 108 என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உருத்திராட்சம் நினைவுக்கு வரும். அந்த எண் புத்த சமயத்தின் வழியே இந்தியாவிலிருந்து அங்கே போனதுதான்.

பதவி உயர்ந்தால் என்ன செய்வது? முழுச் சின்னத்தையும் புதிதாகத் தைக்க நாளாகும். ஆகையால் பிற்காலத்தில் சூரியன், மேகம், அலை எல்லாவற்றையும் முடித்துவிட்டு, பறவையை மட்டும் தனியாகத் தைத்து ஒட்டும் வழக்கம் வந்தது. உயர்வு கிடைத்ததும் பழைய பறவையைப் பிரித்துப் புதிய பறவையை வைத்துவிடலாம். மனிதர்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள்.

இவ்வளவையும் தைத்தவர்கள் யார்? நான்சிங், சூசோவ், ஹாங்சோவ் ஆகிய மூன்று ஊர்களில் அரசாங்கப் பட்டுச் சாலைகள் இருந்தன. தெற்கே குவாங்சோவிலும் பூவேலைக்காரர் நிறைய. ஒரு பட்டுப்புழுக் கூட்டை வெந்நீரில் இட்டு அவிழ்த்தால் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் வரை அறாத இழை வரும். அது தனியே நிற்காத அளவுக்கு மெல்லியது. பல இழைகளைச் சேர்த்தே நூலாக்குவார்கள். பொன் நூல் என்பது பொன்னை இழுத்துக் கம்பியாக்கியது அன்று. மெல்லிய தாளில் பொன் தகட்டை ஒட்டி, அதைக் கீறி, பட்டு நூலின் மேல் சுற்றுவார்கள். இது துணிக்குள் நுழைந்து வெளிவந்தால் பொன் உரிந்துவிடும். ஆகவே துணியின் மேல் படுக்க வைத்து, கண்ணுக்குத் தெரியாத சிறு தையல்களால் இரு பக்கமும் பிடித்துக் கட்டுவார்கள். சில பூக்களை முழுக்க முழுக்கக் கடுகளவு முடிச்சுகளாலேயே நிரப்புவதும் உண்டு. உடுத்தியவர் பெயர் அங்கியோடு வழங்குகிறது. இந்த முடிச்சுகளைப் போட்டவர் பெயரை எந்த அங்கியிலும் காணோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

யாப் ஆ லோய் 1837இல் தென்சீனாவில் குவாங்டோங் மாநிலத்தில் பிறந்த ஹக்கா இனத்தவர். பதினேழு வயதில், 1854இல், மலாக்காவுக்கு வந்து இறங்கினார். ஈய லம்பத்தில் வேலை செய்தார். லுக்குட்டில் லம்பத் தொழிலாளருக்குச் சமைத்துப் போட்டார். பன்றி வாங்கி விற்றார். 1862இல் கோலாலம்பூருக்கு வந்து, அப்போதைய கப்பித்தான் லியூ நிம் கோங்கிடம் வேலையில் அமர்ந்தார். அவருக்குப் பின் 1868இல் தாமே கப்பித்தான் ஆனார். அன்று சிலாங்கூரில் உள்நாட்டுப் போர் நடந்து கொண்டிருந்தது. நாம் இன்று குடியிருக்கும் உலு சிலாங்கூர்ப் பக்கத்து ஈய மண்ணும், கோலசிலாங்கூர் ஆற்று முகமும் அந்தப் போரில் கை மாறிக் கை மாறிப் போயின. 1872இல் எதிரிகள் கோலாலம்பூரைப் பிடித்தனர். ஊர் எரிந்தது. யாப் ஆ லோய் கிள்ளானுக்குத் தப்பி ஓடினார். அடுத்த ஆண்டு பகாங் படையின் உதவியோடு திரும்பி வந்து சாம்பல் மேட்டில் மறுபடி ஊரைக் கட்டினார். 1885இல் இறந்தார்.

அப்படியானால் அந்த உடை? இங்கேதான் செய்தி இருக்கிறது. அவருக்குக் கப்பித்தான் பதவியை அளித்தது சீனப் பேரரசர் அன்று, மலாய் அரசகுலத்தார். அதிகாரம் இந்த மண்ணில் கிடைத்தது. அதைக் காட்டும் உடை மட்டும் பீக்கிங் அரசவையின் இலக்கணப்படி அமைந்தது. நம் தோட்டங்களில் கங்காணி கோட்டும் தலைப்பாகையும் கைக்கடியில் குடையுமாக நிற்கும் பழைய புகைப்படங்களை நாம் பார்த்திருக்கிறோம். அவருக்கு அதிகாரம் கொடுத்தவர் துரை. கோட்டின் வெட்டு துரையினுடையது. தலைப்பாகை மட்டும் ஊரிலிருந்து வந்தது. தொழிலாளர் முன் நிற்பவர் தம் உடம்பில் ஒரு பெரிய இடத்தின் சாயலைப் போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது போலும்.

1877இல் சிங்கப்பூரில் சீன அரசாங்கம் தன் தூதரகத்தைத் திறந்தது. வாம்போவா என்று அழைக்கப்பட்ட ஹூ ஆ கே என்ற வணிகரே முதல் தூதர். அதன் பிறகு மலாயா, சிங்கப்பூர்ச் சீனச் செல்வர்களிடையே பதவிப் பட்டங்கள் வேகமாகப் பரவின. சிங் அரசாங்கத்திற்குப் போர்ச் செலவு, வெள்ள நிவாரணம், பஞ்ச நிவாரணம் என்று ஓயாத பணமுடை. ஆகவே நன்கொடை கொடுத்தவருக்குப் பதவிப் படியை அளித்தது. வேலை எதுவும் இல்லாத பதவி. பட்டமும் உடையும் மட்டும் உண்டு. இன்னொன்றும் கேளுங்கள். தமக்கு மட்டுமல்ல, இறந்துபோன தந்தைக்கும் பாட்டனுக்கும் கூடப் பட்டம் பெறலாம். வயலில் சேறு மிதித்துச் செத்த பாட்டன், இறந்து பல ஆண்டு கழித்து அதிகாரியாகிவிடுவார். அவருடைய உருவத்தை ஓவியர் வரையும்போது மார்பில் பறவையும் வந்து அமர்ந்துவிடும்.

இதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றும். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்த ஊரில் வயிற்றுக்கு இல்லாமல் கடல் கடந்தவன், தன் முன்னோரை வறுமையோடு சுவரில் மாட்டி வைக்க விரும்பவில்லை. அவ்வளவுதான்.

பினாங்குக்குப் போகும் நேயர்கள் சர்ச் தெருவில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய மாளிகையைப் பார்க்கலாம். இன்று அது அரும்பொருளகம். பேராக்கின் கப்பித்தான் சுங் கெங் குவீ அதைக் கட்டினார். லாருட் ஈயப் போர்களில் ஹாய் சான் கூட்டத்தின் தலைவராக இருந்தவர் அவர். 1874 பங்கோர் உடன்படிக்கையின் போது சமாதானத்திற்கு வந்தவர்களில் ஒருவர். அவரும் சீன அரசாங்கத்துக்கு நன்கொடை அளித்துப் பட்டம் பெற்றார். மாளிகையை ஒட்டியுள்ள குடும்பக் கோயிலில் ஆள் உயர வெண்கலச் சிலையாக அவர் நிற்கிறார். அதிலும் அதே அதிகாரி உடைதான். பட்டு நைந்துபோகும் என்று வெண்கலத்திலேயே அங்கி தைத்துக்கொண்டாரோ என்னவோ! 1901இல் அவர் மறைந்தார். அவருடைய மகன் சுங் தை பின் பேராக்கின் கடைசிக் கப்பித்தான். ஆங்கிலப் பள்ளியில் படித்த அவருக்கு மோட்டார் வண்டியிலும் பந்தயக் குதிரையிலும் பிரியம். ஒரே தலைமுறையில் அங்கி போய்க் கோட்டு வந்துவிட்டது.

இந்த அங்கிகளுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லாமல் விட்டால் பாதி வரலாறுதான் சொன்னதாகும். ஈயம் ஒரு வழி. கப்பித்தான்களின் கையில் அபின், சாராயம், சூதாட்டம், அடகுக்கடை ஆகியவற்றின் குத்தகையும் இருந்தது. லம்பத்தில் இடுப்பளவு நீரில் நின்று மண் சுமந்த புதிய கூலிக்குக் கிடைத்த சம்பளம், அவன் புகைத்த அபினாக முதலாளியிடமே திரும்பி வந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடையின் கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கூலி உடுத்திய நீலப் பருத்திச் சட்டை எந்த அரும்பொருளகத்திலும் பொன்னெழுத்துப் பலகையோடு தொங்கவில்லை. அது கிழியும் வரை உடுத்தப்பட்டது. கிழிந்த பின் துடைக்கப் பயன்பட்டது.

நமக்கும் சீனப் பட்டுக்கும் உள்ள தொடர்பு லம்பத்தோடு தொடங்கியது அன்று. சீனி, சீனச்சட்டி என்று நம் அடுப்பங்கரையிலேயே அந்த நாட்டின் பெயர் இருக்கிறது. காளிதாசர் தம் சாகுந்தலத்தில் சீனாம்சுகம் என்று சீனப் பட்டைக் குறிப்பிடுகிறார். இவற்றையெல்லாம்விட நமக்கு மிகவும் பிடித்த செய்தி 720ஆம் ஆண்டுக்குரியது. அப்போது காஞ்சியை ஆண்டவன் இராசசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன். கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவன். அராபியரையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் யானைப் படையைத் தருவதாகச் சீனப் பேரரசருக்கு அவன் தூது அனுப்பினான். தன் படைக்கு ஒரு பெயர் சூட்டித் தரும்படியும் கேட்டான். பேரரசர் மகிழ்ந்து பெயர் சூட்டினார். தூதனுக்குப் பூவேலைப் பட்டு அங்கியும், பொன் இடைக்கச்சையும், மீன் சின்னம் கொண்ட பையும் அளித்தார் என்று சீன நூல்கள் எழுதி வைத்துள்ளன. மீன் பை என்பது அந்நாளில் சீன அதிகாரிகளின் அடையாளம். ஆக, கப்பித்தான்களுக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, காஞ்சியிலிருந்து போன ஒருவர் சீன அதிகாரியின் அங்கியை வாங்கி உடுத்தியிருக்கிறார். பின்னர் சோழர்களும் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனாவுக்குத் தூது அனுப்பினார்கள்.

சரி, அங்கிகளின் முடிவு என்ன ஆயிற்று? 1910 நவம்பரில் சன் யாட் சென் பினாங்கில் தம் தோழர்களைக் கூட்டி, சிங் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டுப் பணம் திரட்டினார். அர்மேனியன் தெரு 120ஆம் எண் வீட்டில் அவர்களுடைய இயக்கம் நடந்தது. ஒரு தெருவில் பேரரசரின் பறவையை மார்பில் சுமந்த செல்வர்கள். கொஞ்சம் தள்ளி இன்னொரு தெருவில் அந்தப் பேரரசையே வீழ்த்தக் காசு சேர்த்தவர்கள். 1911 அக்டோபரில் வூசாங்கில் புரட்சி வெடித்தது. 1912 பிப்ரவரி 12ஆம் நாள் சிறுவராயிருந்த கடைசிப் பேரரசர் பு யீயின் பெயரால் முடிதுறப்பு அறிவிக்கப்பட்டது. அன்றோடு நாரை, மயில், காடை எல்லாம் வெறும் பறவைகளாகிவிட்டன.

சீனாவில் வறுமைப்பட்ட பிரபுக் குடும்பங்கள் அங்கிகளை விற்றன. வெள்ளைக்காரர் வாங்கிக் கப்பலேற்றினர். சிலவற்றை வெட்டி மெத்தை உறையாகவும் மேசை விரிப்பாகவும் ஆக்கினார்கள். பலவற்றை உடையவரோடு சேர்த்தே புதைத்தாயிற்று. குடும்பத்தார் விடாமல் வைத்துக் காத்தவையும், வாங்கியவர்கள் வெட்டாமல் விட்டவையுமே இன்று அரும்பொருளகங்களில் உள்ளன. அங்கே அவற்றை மங்கலான வெளிச்சத்தில், மடிக்காமல், படுக்க வைத்துக் காக்கிறார்கள். வெயில் பட்டால் நிறம் போகும். ஒரே மடிப்பில் இருந்தால் பொன் நூல் அந்த இடத்தில் ஒடியும். நம் வீட்டுச் சரிகைப் புடவைக்கும் இதே நியாயம்தான். பழைய பட்டுப் புடவை வைத்திருப்பவர்கள் அதை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றி வைப்பது நல்லது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டாம். வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

அந்தக் கோயிலிலிருந்து திரும்பிய மறுவாரம், பிள்ளைகளிடம் நாம் ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் இருக்கும் மிகப் பழைய துணி எது என்று பெரியவர்களைக் கேட்டு, முடிந்தால் கொண்டு வாருங்கள் என்றோம். அதிகம் வரவில்லை. வராததற்குக் காரணம் உண்டு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில் நாடெங்கும் துணிப் பஞ்சம். கோணிச் சாக்கைத் தைத்து உடுத்தியவர்கள் உண்டு; ரப்பர்த் தகட்டையே இடுப்பில் சுற்றியவர்கள் உண்டு. சயாம் மரண இரயில் பாதைக்குப் பிடித்துப் போனவர்கள் உடுத்திய துணியோடு போனார்கள்; பெரும்பாலோர் திரும்பவில்லை. பெட்டியில் இருந்த பட்டை மரவள்ளிக் கிழங்குக்கும் அரிசிக்கும் மாற்றிய குடும்பங்கள் எத்தனையோ. பிறகு தோட்டங்கள் வீடமைப்புக்குக் கைமாறியபோது, லயத்தைக் காலி செய்து புக்கிட் செந்தோசா போன்ற இடங்களுக்கு வந்த அவசரத்தில், பழைய தகரப் பெட்டிகளை அங்கேயே விட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆயினும் எட்டுப் பொருள் வந்தன. ஒரு தலைப்பாகைத் துணி. பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிக் கோட்டு ஒன்று, தோட்டத்துக் காவற்காரருடையது. ஒரு குழந்தைச் சட்டை. மற்றவை புடவைகள். யாப் ஆ லோயை ராஜா என்று நினைத்த அந்தப் பெண், அரக்கு நிறத்தில் கூறைப் புடவை ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டு வந்தாள். சரிகை கறுத்திருந்தது. மடிப்புகள் இரண்டு இடத்தில் விட்டுப் போயிருந்தன.

பள்ளி விடுவதற்குள் அவளுடைய பாட்டி வந்துவிட்டார். பேத்தியை நம்பிக் கொடுத்துவிட்டாரே தவிர மனம் கேட்கவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. புடவையை வாங்கி மடியில் வைத்துப் பிரித்து, முந்தானை ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

“வாத்தியாரே, இது கடையில கடனுக்கு எடுத்தது. ஆறு மாசம் எங்க மாமனார் சம்பளத்துல பிடிச்சாங்க. கடன் தீர்றதுக்கு முன்னாடியே மூத்தவன் பிறந்துட்டான்” என்றார்.

எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, கடைக்காரர் பெயர் என்ன, எவ்வளவு விலை என்று நாம் ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு தாளில் எழுதினோம். பாட்டி அந்தத் தாளையும் வாங்கிப் புடவைக்குள் வைத்து மடித்து எடுத்துக்கொண்டு போனார்.